சபைக்குப் போன சாணி வண்டு

ஆமைக்குட்டைக் கரையில் மாடக்கண்ணு என்ற சாணி வண்டு உருண்டைப் பட்டறை வைத்திருந்தது. மாட்டுச் சாணியோ, ஆட்டுப் புழுக்கையோ, கிடைத்ததை உருட்டிக் காயவைத்து அடுக்கிவிடும். குட்டையில் இருந்த ஒரே தொழில் அதுதான். ஒரே நாற்றமும் அதுதான்.

போன மழையில் நண்டுகள் கரையைப் பதினோரு இடத்தில் துளைத்துவிட்டன. பதினொன்றையும் மாடக்கண்ணுவின் உருண்டைகள்தான் அடைத்தன. அதனால், பெருங்காட்டுச் சபைக்கு ஓர் உறுப்பினரை அனுப்பச் சொன்னபோது எல்லோரும் மாடக்கண்ணுவையே தேர்ந்தெடுத்தார்கள்.

"அண்ணாச்சி, உங்களுக்கு ஒரே ஒரு வேலைதான்!" என்றது தவளை இசக்கி. "யானைங்க நம்ம கரைமேல நடக்க வழி கேட்குதாம். விட்டா கரை உடைஞ்சிரும். என் முந்நூறு குஞ்சும் இந்தத் தண்ணியிலதான் கிடக்கு. வழி கிடையாதுன்னு சொல்லிட்டு வாங்க!"

"பதினோரு ஓட்டையை அடைச்சவனுக்கு ஒரு வழியை அடைக்கத் தெரியாதா?" என்றது மாடக்கண்ணு.

அதன் மனைவி பேராச்சி மட்டும் அதை ஓரமாக இழுத்துப் போனது.

"ஏங்க, சாணியைக் கண்டா உங்களுக்கு வேற எதுவும் தெரியாது. தலையைக் கீழே போட்டு, பின்னங்காலைத் தூக்கிக்கிட்டு உருட்ட ஆரம்பிச்சிருவீங்க. அங்கேயாவது நிமிர்ந்து உட்காருங்க. ஈரத்துல படுக்காதீங்க. நேரத்துக்குச் சாப்பிடுங்க."

"ஒரு சபை உறுப்பினர்கிட்ட இப்படியா பேசுறது!"

"உறுப்பினர் முதுகுல ஒட்டியிருக்கிறதும் சாணிதானே! இங்க வாங்க, துடைச்சுவிடுறேன்."

பெருங்காட்டுச் சபை ஒரு பாறைமேல் கூடியது. சிங்கம் தலைமை. ஒரு தீர்மானம் வேண்டும் என்பவர்கள் கால் தூக்க வேண்டும். வேண்டாம் என்பவர்கள் சும்மா இருக்க வேண்டும். சபையின் வழக்கம் அவ்வளவுதான்.

இரண்டு நாள் மாடக்கண்ணு நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தது. கழுத்து வலித்தது. மூன்றாம் நாள், யானைகளின் தலைவன் அதன் பக்கத்தில் வந்து நின்றது. தொப்பென்று போட்டது. சூடாக, ஆவி பறக்க, ஒரு குன்று!

"உறுப்பினருக்காகவே காலையிலிருந்து அடக்கி வச்சிருந்தேன்!" என்றது யானை.

"இப்ப வேண்டாம். எங்க கரைத் தீர்மானம் வரப்போகுது."

"வரட்டும். அதுக்குள்ள ஒரே ஒரு உருண்டை பிடிச்சா யாரு கேட்கப்போறா?"

ஒன்றுதானே என்று மாடக்கண்ணு இறங்கியது. தலை கீழே போனது. பின்னங்கால்கள் மேலே போயின.

"யானைகள் ஆமைக்குட்டைக் கரைமேல் போகலாம் என்பவர்கள் கால் தூக்குங்கள்!" என்று சிங்கம் முழங்கியது.

குரங்கு எண்ணியது. தூக்கியவர்கள் நாற்பது. தூக்காதவர்களும் நாற்பது. கடைசியாகச் சாணிக் குவியலுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தது.

"அட! ஆமைக்குட்டை உறுப்பினரே தூக்கியிருக்காரு! அதுவும் ரெண்டு காலை! நாற்பத்தொண்ணு!"

"நிறைவேறியது!" என்று சிங்கம் கொட்டாவி விட்டது.

மாடக்கண்ணு பதறி நிமிர்ந்தது. "ஐயையோ! நான் உருட்டத்தான் தூக்கினேன்!"

"அப்படியா தம்பி?" என்றது யானை. "அப்ப எழுந்து எல்லார் முன்னாலயும் சொல்லுங்க, சபையில சாணி உருட்டிக்கிட்டிருந்தேன்னு!"

மாடக்கண்ணு சிங்கத்தைப் பார்த்தது. உருண்டையைப் பார்த்தது. அவ்வளவு பெரிய உருண்டையை அதன் வம்சத்திலேயே யாரும் பிடித்ததில்லை. அடுத்த கூட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று வாயை மூடிக்கொண்டது.

அந்த உருண்டையை ஊருக்கு உருட்டிவரப் பத்து நாள் பிடித்தது. யானைகளுக்கு அரை நாள்கூடப் பிடிக்கவில்லை.

தலை கீழே, முதுகு முன்னே என்று உருட்டிக்கொண்டே மாடக்கண்ணு கத்தியது: "ஏ இசக்கி! மாலை எங்கே? உறுப்பினர் என்ன கொண்டாந்திருக்கேன்னு வந்து பாரு!"

இன்னும் ஒரு தள்ளு தள்ளியது. உருண்டை எங்கோ விழுந்தது. பின்னாலேயே மாடக்கண்ணுவும் சேற்றில் விழுந்தது.

அப்போதுதான் தலையைத் தூக்கிப் பார்த்தது. கரை இல்லை. குட்டையும் இல்லை. யானைகளின் காலடிப் பள்ளங்களில் மட்டும் கொஞ்சம் தண்ணீர் இருந்தது. இசக்கியும் பேராச்சியும் குஞ்சுகளை வற்றிய பள்ளத்திலிருந்து வற்றாத பள்ளத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

"நீங்க ரெண்டு காலைத் தூக்கினதை யானைங்களே சொல்லிச் சிரிச்சுக்கிட்டுப் போச்சு, அண்ணாச்சி," என்றது இசக்கி. "முந்நூறுல நாற்பத்தொண்ணுதான் மிச்சம்."

மாடக்கண்ணு சேற்றிலிருந்து ஏறி வந்து, பழக்கத்தில் பேராச்சியிடம் முதுகைக் காட்டி நின்றது. முதுகு முழுக்க யானைச் சாணி. பேராச்சி துடைத்துவிடவில்லை. அடுத்த குஞ்சைத் தேடிப் போய்விட்டது.

ஊர் வேலைக்காக அனுப்பப்பட்ட இடத்தில் தன் உருண்டையை உருட்டுகிறவன், ஊருக்கு எதிராகத்தான் கால் தூக்குவான்.