அரக்கு வைத்த விளக்கு

நெடுவரை நாட்டில் செய்தி போவது விளக்கால். கடலில் பகைக்கப்பல் தெரிந்தால் வெண்பாறைக் கோபுரத்தில் விளக்கு சிமிட்டும். அதைப் பார்த்து அடுத்த மலை சிமிட்டும். வெண்பாறைக் காவலன் வாயில் போட்ட வெற்றிலை சிவப்பதற்குள் தலைநகருக்குத் தெரிந்துவிடும்.

அந்த விளக்கை அந்நாட்டில் யாரும் செய்வதில்லை. கடல் கடந்து ஒரே ஒரு வணிகன் கொண்டுவந்தான். செம்புப் பெட்டி, முன்னால் கண்ணாடி, மூடியைச் சுற்றிச் சிவப்பு அரக்கு. விலையும் மலிவு. பழுதானால் அவன் ஆளே வந்து தூக்கிப் போவான், வேறொன்று வைப்பான். அரக்கை உடைத்தால் மட்டும் மறு விளக்கு கிடையாது. யாரும் உடைத்ததில்லை. உடைக்க என்ன அவசியம்?

இந்த முறை வந்தவன் புதிதாக ஒன்று கேட்டான். தன் ஆயுள் உள்ளவரை எல்லாக் கோபுரத்திலும் தன் விளக்கு மட்டுமே எரிய வேண்டும். மாலைக்குள் அரசி சம்மதிக்காவிட்டால், கப்பல் விளக்குகளோடு திரும்பிவிடும்.

கடைத்தெருவில் வேறு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. பகைநாட்டுக்கும் அவன்தான் விளக்கு விற்கிறானாம். பெட்டிக்குள் ஏதோ வைத்திருக்கிறானாம். அவன் நினைத்தால் எல்லா மலையும் ஒரே நேரத்தில் இருண்டுவிடுமாம்.

அரசி அமைச்சர் எயினனாரை அழைத்தாள். "வேண்டுமா, வேண்டாமா? ஒரே சொல்லில் முடிவு செய்து, என் பெயரால் வணிகனிடம் சொல்லிவிடும்."

எயினனார் குன்றேறினார். அங்கே குகையில் இருந்த அரிஞ்சிகை அம்மை அவரைவிட வயதில் இளையவர். ஆனாலும் அவரிடம் பாடம் கேட்க எயினனார் கூச்சப்பட்டதில்லை. பின்னால், தலைநகரில் செம்பு வேலை செய்யும் பெரிய கன்னான் கொற்றன் ஒரு விளக்கைச் சுமந்து வந்தான். வெண்பாறை விளக்கு பழுதாகி, அதற்கு மாற்றாக வந்த விளக்கு அது. வெண்பாறையில் காவல் இருப்பவன் எயினனாரின் மகன்.

"வாரும் அமைச்சரே. உமக்கு முன்னால் உம் முழங்கால் வந்துவிட்டது, சத்தம் கேட்டது."

"சிரிக்கிற நேரமில்லை அம்மையே. இந்தப் பெட்டிக்குள் வஞ்சகம் இருக்கிறதா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்கள். போய்விடுகிறேன்."

அம்மை விளக்கை வாங்கி மடியில் வைத்தார். பக்கத்தில் கிடந்த கல்லை எடுத்து, அரக்கின்மேல் ஒரே போடு போட்டார்.

"ஐயையோ!" என்று கத்தினான் கொற்றன்.

"இன்று இரவு வெண்பாறைக்கு வேறு விளக்கில்லை, அம்மையே! என் பிள்ளை அங்கே இருட்டில்..." என்று பதறினார் எயினனார்.

"பார்க்கத்தானே வந்தீர்? பாரும்."

மூடி திறந்தது. அம்மை ஒவ்வொன்றாக எடுத்துப் பாயில் பரப்பினார். வளைந்த கண்ணாடிகள், திரி, எண்ணெய்க் குடுவை, வெளிச்சத்தை மறைத்தும் திறந்தும் காட்டும் தகடு, அதை இழுக்கும் மெல்லிய கம்பிகள். கொற்றன் ஒவ்வொன்றையும் வெயிலில் திருப்பிப் பார்த்தான். பெட்டியின் அடியைத் தட்டிப் பார்த்தான். இரட்டை அடி இல்லை. ஒளித்து வைத்த எதுவும் இல்லை.

எயினனாருக்கு மூச்சு வந்தது. "ஒன்றும் இல்லை! வெறும் கடைத்தெரு வம்பு. அந்த மனிதனைப் போய்ச் சந்தேகப்பட்டேனே. சரி, சம்மதம் சொல்லிவிடலாம்."

"சொல்லலாம். முதலில் இதைத் திரும்பப் பூட்டும். உம் பிள்ளைக்கு அனுப்ப வேண்டாமா?"

எயினனார் கொற்றனைப் பார்த்தார். கொற்றன் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். தகட்டை வைத்துக் கம்பியை இழுத்தான், தகடு விழவில்லை. கம்பியை மாற்றிக் கோத்தான், தகடு விழுந்தது, எழவில்லை. கண்ணாடியைத் திருப்பினான், வெயில் பட்டு அவன் மூக்கிலேயே அடித்தது. எயினனார் தானும் கை கொடுத்தார். அதன்பின் இன்னும் மோசமானது. குகை வாசலில் இருந்த நிழல் பாயின் விளிம்பைத் தொட்டது.

எயினனார் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "இல்லை அம்மையே. வரவில்லை."

"உள்ளே வஞ்சகம் இருக்கிறதா என்று கேட்டீரே?"

"இல்லையே. பார்த்தோமே."

"நாடு முழுக்க இந்தப் பெட்டி எரிகிறது. திறந்தால் திரும்பப் பூட்டத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. இதைவிடப் பெரிதாக அவன் உள்ளே எதை வைக்க வேண்டும்?"

எயினனார் கையிலிருந்த கம்பியைப் பாயில் வைத்தார்.

கொற்றன் தொண்டையைச் செருமினான். "ஐயா, இதற்குத்தான் நான் அன்றே சொன்னேன். நம் நாட்டுக்கு நம் விளக்கு. அடுத்த மழைக்குள் நான் செய்து தருகிறேன். அரசி ஓர் ஆணை மட்டும் போடட்டும். என் பட்டறையைத் தவிர வேறு எவனும் செய்யக் கூடாது, வெளியிலிருந்தும் வரக் கூடாது."

எயினனார் முகம் தெளிந்தது. "கேட்டீர்களா அம்மையே? நம் ஆள். நம் ரத்தம். கப்பலைத் திருப்பி அனுப்பிவிடலாம்."

"நல்லது" என்ற அம்மை, கொற்றன் பக்கம் திரும்பினார். "நீ செய்து கொடுத்தபின் கோபுரத்துக் காவலன் அதைத் திறந்து பார்க்கலாமா?"

"அதெப்படித் தாயே? தொழில் இரகசியம் ஆயிற்றே. பார்த்தால் நாளைக்கே செய்ய ஆரம்பித்துவிடுவார்கள்."

"அப்போ எப்படிக் கொடுப்பாய்?"

"அரக்கு வைத்துத்தான்" என்றான் கொற்றன்.

எயினனார் அவனை வெறித்துப் பார்த்தார். கொற்றனுக்கு என்ன தப்பாகச் சொன்னோம் என்று புரியவில்லை. அம்மை உடைந்த அரக்குத் துண்டுகளைப் பாயிலிருந்து பெருக்கித் தள்ளினார்.

கீழே துறைமுகத்தில் கப்பலின் முதல் சங்கு ஊதியது.

எயினனார் எழுந்தார். வந்தபோது இருந்த பதற்றம் இப்போது இல்லை. "வணிகனிடம் சொல்கிறேன். இந்தப் பருவத்துக்கு மட்டும் வாங்குகிறோம். அரக்கில்லாமல். கழற்றவும் பூட்டவும் அவன் ஆள் நம் காவலருக்குச் சொல்லித்தர வேண்டும். ஆயுள் பேச்செல்லாம் கிடையாது."

"ம்."

"கொற்றா, உனக்கும் இதே பேச்சுதான்."

"எனக்குமா ஐயா?"

"உனக்கும்தான். பட்டறைக்கு வேண்டியதை அரசு தரும். ஆனால் கேட்டு வருகிறவன் எவனாயிருந்தாலும் அவனுக்கும் தரும்."

"என் மச்சான் மறுநாளே வந்து நிற்பான், ஐயா!"

"நிற்கட்டுமே" என்றார் அம்மை. "உன் விளக்கு நன்றாக எரிந்தால் உன்னுடையதைத்தானே வாங்குவார்கள்?"

"அவன் கைவேலை என்னைவிட நேர்த்தி தாயே. தொல்லையே அதுதான்."

எயினனாருக்கே சிரிப்பு வந்தது. ஆனால் குன்றின் படிவரை போனவர் நின்றார். கடல் பக்கம் வெண்பாறை தெரிந்தது. அதன் உச்சியில் இன்று ஏற்ற ஒன்றுமில்லை.

"அம்மையே. வணிகன் ஒத்துக்கொள்ளாவிட்டால்?"

"கப்பல் போகும்."

"போனால் கொற்றன் செய்து முடிக்கும்வரை வெண்பாறை இருட்டு. மற்ற மலைகளின் விளக்கும் பழுதாகி ஒன்றன்பின் ஒன்றாக அணையும். அது அவனுக்குத் தெரியும். என் முகத்தைப் பார்த்தாலே தெரிந்துகொள்வான். நான் எதை வைத்துப் பேரம் பேசுவது?"

"விளக்கு வருமுன் இந்த நாட்டில் செய்தி எப்படிப் போனது?"

"பந்தம் ஏந்தி ஓடுவார்கள். மலைக்கு மலை ஆள் இருந்தார்கள். தாமதம்தான், ஆனால் போய்ச் சேரும்." எயினனார் குரல் இறங்கியது. "விளக்கு வந்ததும், இனி இவர்களுக்குச் சோறு எதற்கு என்று நான்தான் வயலுக்கு அனுப்பினேன்."

"கால் இருக்கிறதா அவர்களுக்கு?"

"இருக்கிறது."

இரண்டாம் சங்கு ஊதியது. மூன்றாம் சங்குக்குத்தான் கப்பல் நகரும். எயினனார் துறைமுகப் பாதையில் கால் வைத்தார்.

"அந்தப் பக்கம் இல்லை, அமைச்சரே" என்றார் அம்மை. "முதலில் வயலுக்குப் போம். மலைக்கொருவராக அவர்களை அனுப்பும். அப்புறம் கப்பலுக்குப் போய் வாய் திறவும்."