அரசரின் கழுத்தும் ஆதுலர்சாலையும்

மருதங்காவு அரசர் திருவெழினியிடம் ஒரு பச்சைக்கிளி இருந்தது. அதற்குப் பழம் ஊட்ட ஓர் ஆள் தேவைப்பட்டபோது, அமைச்சர் அம்பலவாணர் வந்தவனின் ஊருக்கே ஒற்றர்களை அனுப்பினார். அக்கம்பக்கத்தில் விசாரித்தார்கள். மாமனார் வீட்டிலும் விசாரித்தார்கள். கோபக்காரனா, குடிப்பானா, வீட்டில் பூனை வளர்க்கிறானா என்று துருவித் துருவிக் கேட்டார்கள். அரசரின் கிளி என்றால் சும்மாவா!

அதே அரசர் ஓர் ஆதுலர்சாலையும் கட்டியிருந்தார். படுத்த படுக்கையாகிவிட்ட முதியவர்களுக்கு உணவூட்டி, குளிப்பாட்டி, கடைசிவரை பார்த்துக்கொள்ளும் இடம் அது. அங்கே வேலைக்கு ஆள் எடுப்பவரும் இதே அமைச்சர்தான். ஆனால் அங்கே அவர் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று.

"நாளைக்கே வந்துவிடுவாயா?"

அரசரை எடுத்து வளர்த்த செவிலித்தாய் முத்துவடிவும் அங்கேதான் இருந்தாள். அரண்மனையில் தனியாகக் கிடப்பதைவிடத் தன் வயதுக்காரர்களோடு இருப்பதே மேல் என்று பிடிவாதமாகப் போனவள். பிறகு வாதம் தாக்கிக் கைகால் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது.

ஒருநாள் அவளைப் பார்க்கப் போனார் சாத்தையர். அரசவையில் வாய்த்துடுக்குக்குப் பேர்போன மனிதர் அவர். போனவர், முத்துவடிவின் கையில் கன்றிப்போன தழும்பைக் கண்டார். பணியாள் கஞ்சிக் கிண்ணத்தோடு உள்ளே வந்ததும் அவள் கண்களை இறுக மூடிக்கொண்டதையும் கண்டார். அன்றைக்கே தன் மனைவியை அந்தக் கட்டிலருகே உட்காரவைத்துவிட்டு அரசவைக்கு ஓடினார்.

"அரசே, ஆதுலர்சாலைக்கு வருகிறவர்கள் யார், முன்பு என்ன செய்தவர்கள் என்று விசாரிக்க வேண்டும். செவிலித்தாயின் கையில் அடிபட்ட தழும்பு இருக்கிறது."

"அம்மாள் கட்டிலில் இடித்துக்கொண்டார்" என்றார் அமைச்சர். "அந்த வேலைக்கு வருகிறவர்களே குறைவு. யார், எவர் என்று குடைந்தால் ஒருத்தரும் வரமாட்டார்கள். அதோடு, ஏழைகளைச் சந்தேகிப்பது பாவம், அரசே!"

"கிளிக்கு ஆள் வந்தார்களே, ஐயா?"

"அது வேறு, இது வேறு."

அரசர் கையை ஆட்டினார். "சாத்தையரே, உமக்கு உம்முடைய நிழலைக் கண்டாலே சந்தேகம். போய் வாரும்."

சாத்தையர் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார். அவர் பேசாமல் போனாலே ஏதோ நடக்கப்போகிறது என்று அரண்மனையில் எல்லோருக்கும் தெரியும். அரசருக்கு மட்டும் அது மறந்துவிட்டது.

மறுநாள் காலை அரசருக்குச் சவரம். சவரம் முடியும்வரை கண்ணைத் திறக்காமல் இருப்பது அவர் வழக்கம். பக்கத்தில் அமைச்சரும் சாத்தையரும் நின்றார்கள். முகத்தில் தண்ணீர் தடவப்பட்டது. கத்தி வந்து கழுத்தில் படிந்தது.

"கை எப்படி, அரசே?" என்றார் சாத்தையர்.

"தங்கப்பன் கை மாதிரி இல்லையே. முரட்டுத்தனமாக இருக்கிறது."

"தங்கப்பன் இல்லை அரசே, புது ஆள்."

அரசரின் கண் பட்டென்று திறந்தது. "யார் இவன்?"

"தெரியாது."

"எந்த ஊர்?"

"கேட்கவில்லை."

"கேட்கவில்லையா! என் கழுத்தில் கத்தி வைக்கிறவனையா கேட்கவில்லை?"

"ஏழைகளைச் சந்தேகிப்பது பாவம் அல்லவா? 'நாளைக்கே வந்துவிடுவாயா' என்று மட்டும் கேட்டேன். சொன்னபடி வந்துவிட்டான்."

அரசர் ஆசனத்தைத் தள்ளிவிட்டு ஒரே பாய்ச்சலில் தூணுக்குப் பின்னால் போய் நின்றார். தாடையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"பதறாதீர்கள், அரசே. கத்தி கூத்துக்காரர்களுடையது. மரத்தில் வெள்ளித்தாள் ஒட்டியிருக்கிறது. ஆள் மட்டும்தான் நிஜம். உங்கள் செவிலித்தாய்க்குக் கஞ்சி ஊட்டுகிறவன் இவன்தான்." சாத்தையரின் குரல் இறங்கியது. "நீங்கள் எழுந்து ஓடிவிட்டீர்கள். அவரால் எழ முடியாது. கூப்பிடவும் முடியாது."

சாத்தையர் கைதட்டினார். வாசலில் காத்திருந்த சிறைக் காவலர் உள்ளே வந்தார்.

"இவனைத் தெரியுமா?" என்றார் அரசர்.

"நன்றாகத் தெரியும். பெயர் பூதலிங்கம். தள்ளாத வயதுத் தம்பதியைக் கட்டிப்போட்டு அடித்து, நகையைப் பறித்தவன். இரண்டு முறை என்னிடம் இருந்தான். சிறைக்கு எதிரே தெருவைத் தாண்டினால் ஆதுலர்சாலை. விடுதலையான அன்றைக்கே நேராக அதற்குள் போனான். நான் வாசலில் நின்று பார்த்தேன்."

"பார்த்தும் ஏன் சொல்லவில்லை?"

"யாரும் கேட்கவில்லையே, அரசே."

பூதலிங்கத்தைக் காவலர்கள் இழுத்துப் போனார்கள். ஈர முகத்தோடு அரசர் ஆதுலர்சாலைக்கு ஓடினார். முத்துவடிவின் கையைப் பிடித்துக்கொண்டு, சின்ன வயதில் அவளிடம் அழுதது போலவே அழுதார். திரும்பி வந்தபோது அவர் முகம் சிவந்திருந்தது. அமைச்சரோ ஒரு சுற்று இளைத்தவர் போல நின்றார்.

"சாத்தையரே, உமக்கு என்ன வேண்டும்? கேளும்."

"ஒரே ஓர் ஆணை போதும், அரசே. இனி ஆதுலர்சாலைக்கு யாரை எடுத்தாலும் அவர் செய்யும் முதல் வேலை, அமைச்சருக்குச் சவரம் செய்வதாக இருக்க வேண்டும். மரக்கத்தி கூடாது."

அமைச்சரின் கை தானாகக் கழுத்துக்குப் போனது. "அரசே! அந்த வேலைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் பெண்கள். சவரக்கத்தியைத் தொட்டே இருக்கமாட்டார்கள்!"

"நல்லதாய்ப் போயிற்று, ஐயா" என்றார் சாத்தையர். "அவர்களை இன்னும் கொஞ்சம் கூடுதலாக விசாரிப்பீர்கள்."

அரசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்தபடியே முத்துமாலையைக் கழற்றிச் சாத்தையர் கழுத்தில் போட்டார். ஆணையும் அங்கேயே பிறந்தது.

அன்று மாலையே அமைச்சர் அம்பலவாணர், ஆதுலர்சாலை வாசலில் இருந்து தெருவைக் கடந்து சிறைக் காவலரைத் தேடிப் போனதை ஊரே பார்த்தது. ஒரு கையால் கழுத்தைப் பொத்தியபடிதான் போனார்.