கடைசி மழைத்துளியும் நாலு மூட்டை வண்டியும்

“மழை நின்றுவிட்டது என்று எப்போது சொல்லலாம்?” என்று துவைத்த துணியோடு வாசலில் நின்ற பக்கத்து வீட்டு அக்கா ஒரு நாள் என்னைக் கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. இதே கேள்வியில் ஒரு ராஜ்யமே மாட்டிக்கொண்டு விழித்த கதைதான் தெரியும்.

ஊர்ப் பெயர்கூட மறந்துபோன அளவுக்கு முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். ஐப்பசி மழையில் அவருடைய ரதம் தெற்குச் சாலையில் அச்சுவரை புதைந்தது. இறங்கி நடந்தார். ஒரு செருப்பு சேற்றுக்குள் போனது, போனதுதான். பாரவண்டிகள் சாலையை உழுதுவிட்டன என்று சொன்னார்கள். ஒற்றைச் செருப்போடு நின்றபடியே ராஜா ஆணை போட்டார். தண்டோராக்காரன் ஊர் ஊராகப் போய்ச் சொன்னான்:

“முதல் மழை தொடங்கிக் கடைசி மழை முடியும்வரை எந்த வண்டியும் நாலு மூட்டைக்கு மேல் ஏற்றிச் சாலையில் போகக்கூடாது. மீறினால் கடையாணி பறிக்கப்படும்.”

கடையாணி போனால் சக்கரம் கழன்றுவிடும். முதலில் மீறிய பலர் அதைப் பறிகொடுத்து நின்றார்கள்; அதைப் பார்த்து மற்றவர்கள் அடங்கிப் போனார்கள்.

முதல் மழை எது என்பதில் குழப்பமில்லை. எல்லோரும் நனைந்தார்கள். கடைசி மழையில்தான் வந்தது வினை. கார்த்திகைக் கடைசியில் ஒரு மழை பெய்தது. மார்கழி முழுக்கப் பனி. தை பிறந்து, சாலை ஓடு மாதிரி காய்ந்து கிடந்தது. தடை மட்டும் போகவில்லை.

“தடை முடிஞ்சிருச்சாண்ணே?” என்று சுங்கச்சாவடிக் காவலனைக் கேட்டான் வண்டிக்காரன் மயிலன்.

“கடைசி மழை பெய்யட்டும்.”

“அதான் கார்த்திகையிலயே பெஞ்சுதே.”

“அதுதான் கடைசின்னு உனக்கு யாரு சொன்னா?”

மயிலன் வானத்தைப் பார்த்தான். காவலனும் பார்த்தான். இருவருக்கும் தெரியவில்லை.

அறுத்த நெல் தெற்கே களத்தில் குவிந்து கிடந்தது. தலைநகரில் அரிசிப் பானைகள் காலியாகிக்கொண்டிருந்தன. மயிலன் அரசவையின் விகடனான பூவராகனிடம் போய் நின்றான்.

“எட்டு மூட்டை வண்டியில நாலு ஏத்தினா சித்திரை வரைக்கும் இழுக்கணும் சாமி. அதுக்குள்ள பாதியை எலி தின்னுரும். நாங்க என்னத்தைத் திங்கிறது?”

பூவராகன் அவனைச் சபைக்கு அழைத்துப் போனான். ராஜா கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார். “மழைக்காலம் முடிந்துவிட்டதா, இல்லையா?” என்று சாலை அதிகாரி மார்க்கசகாயத்தைக் கேட்டார்.

மார்க்கசகாயத்துக்குப் பூவராகனைக் கண்டாலே ஆகாது. ராஜா அவன் பேச்சுக்குச் சிரிப்பார்; இவர் பேச்சுக்குக் கொட்டாவி விடுவார்.

“அரசே, ஆணையில் கடைசி மழை என்றே இருக்கிறது. மழை முடிந்ததென்று விகடர் அறிவாராயின், அந்தக் கடைசி மழைத்துளியைச் சபைக்குக் கொண்டுவரட்டும். தடையை நீக்குவோம். கொண்டுவர இயலாவிடில் அவர் சபையைவிட்டு விலகட்டும்.”

ராஜாவுக்கு இது நியாயமா அநியாயமா என்று புரியவில்லை. ஆனாலும் தலையாட்டிவிட்டார். “மூன்று நாள் அவகாசம்.”

வெளியே வந்ததும் மயிலன் அழாத குறையாகச் சொன்னான். “என்னால உங்க பொழப்பும் போச்சே சாமி.”

“வீடுவரைக்கும் போயிட்டு வரேன், இங்கேயே இருடா” என்றான் பூவராகன்.

மழைத்தண்ணீரில் பருப்பு பூப்போல வேகும் என்று அவன் மனைவி கார்த்திகைக் கடைசியில் பெய்த அந்த மழையில் ஓர் அண்டா பிடித்து மூடி வைத்திருந்தாள். அதில் ஒரு செம்பு மொண்டுகொண்டு அரை நாழிகையில் சபைக்குத் திரும்பினான்.

“அரசே, கடைசி மழைத்துளி இதற்குள் இருக்கிறது.”

மார்க்கசகாயம் எட்டிப் பார்த்தார். “இது கார்த்திகைத் தண்ணீர்.”

“ஆம் ஐயா. இதற்குப் பிறகு ஏதேனும் துளி விழுந்ததா?”

“விழவில்லை. ஆனால் விழலாமே.”

“விழட்டும். அந்தத் துளியை ஐயா கொண்டுவந்து காட்டினால், என்னுடையது கடைசி அல்ல என்று ஒப்புக்கொண்டு அப்போதே விலகிக்கொள்கிறேன். காட்டும்வரை இதுதானே கடைசி?”

சபையில் பலர் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார்கள். எதை எண்ணுகிறோம் என்று அவர்களுக்கே தெரியவில்லை. ராஜா நெற்றியைச் சுருக்கினார்.

“பூவராகா, நாளைக்கே மழை கொட்டிவிட்டால்?”

“அது அடுத்த மழைக்காலத்தின் முதல் துளி, அரசே. அந்தக் கணமே தடை தொடங்கட்டும். ஈரத்தில் நாலு மூட்டை, காய்ந்த தரையில் எட்டு மூட்டை. தாங்கள் காக்க நினைத்தது சாலையைத்தானே?”

ராஜா செம்புக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு தோள் குலுங்க, கிரீடம் சரியச் சிரித்தார். தடை நீங்கியது என்று அப்போதே தண்டோரா போடச் சொன்னார். தன் விரல் மோதிரத்தைக் கழற்றிப் பூவராகனுக்குக் கொடுத்தார்.

“இன்னும் என்ன வேண்டும்? கேள்.”

“பறித்த கடையாணிகள் சாவடியில் குவிந்திருக்கின்றன. அவற்றைத் தாருங்கள், அரசே. உரியவர்களிடம் சேர்த்துவிடுகிறேன்.”

“எடுத்துக்கொள்” என்றார் ராஜா. பிறகு செம்பின் தண்ணீரை ஒரு தொட்டிச் செடிக்கு ஊற்றிவிட்டு, காலிச் செம்பை மார்க்கசகாயத்திடம் நீட்டினார். “அடுத்த துளி உம்முடைய பொறுப்பு.”

மார்க்கசகாயம் முற்றத்தின் வழியே வானத்தை அண்ணாந்து பார்த்தார். ஒரு மேகம்கூட இல்லை. செம்பை வாங்கிக்கொண்டு வெயிலுக்குள் இறங்கிப் போனார்.