அம்மோனியா வாசனை

“அந்தப் பொண்ணு கைவிட்டுப் போயிட்டா டீச்சர்,” என்றார் தணிகாசலம் சார்.

மெஹர் டீச்சர் கெமிஸ்ட்ரி லேபில் சோதனைக் குழாய்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

அந்தப் பள்ளிக்கூடத்தில் எந்தப் பஞ்சாயத்தும் கடைசியில் கெமிஸ்ட்ரி லேபுக்குத்தான் வந்து சேரும். மார்க் குறைந்தவன் வருவான். வீட்டில் அடி வாங்கியவள் வருவாள். ஹெட்மாஸ்டரோடு மனஸ்தாபம் என்றால் வாத்தியார்களே வருவார்கள். மெஹர் டீச்சர் யாருக்கும் புத்திமதி சொன்னதில்லை. வந்தவர் கையில் ஏதாவது ஒரு வேலையைக் கொடுப்பார், அவ்வளவுதான். ஆனாலும் கொஞ்சம் லேசாகித்தான் எல்லோரும் திரும்பிப் போனார்கள்.

தணிகாசலம் சார் இதுவரை வந்ததில்லை. ப்ளஸ் டூ ‘பி’ பிரிவின் வகுப்பாசிரியர், கணக்கு வாத்தியார், மெஹர் டீச்சரைவிடப் பத்து வயது மூத்தவர். விடை தெரியாத கேள்வி என்று ஒன்று அவரிடம் இருந்தால்தானே வருவதற்கு.

“யாரு சார்?”

“யுவராணி.”

குழாய்த் தண்ணீர் நின்றது.

“கணக்குல சென்டம் வாங்குவான்னு நெனச்ச பொண்ணு டீச்சர். அரையாண்டுல பாஸ் பண்ணினதே பெரிசு.”

“ஏனாம்?”

“லெனின். என் கிளாஸ் பையன்தான். இவ பெஞ்ச்ல ஓரத்துக்கு நகர்ந்து உக்காந்துக்கறா. அந்தப் பக்கம் அவன். நடுவுல நடக்கற வழி மட்டும்தான். பீரியட் முழுக்க அவன் பக்கமே பார்வை. போர்டைப் பாக்கறதே இல்ல. பேர் சொல்லிக் கூப்பிட்டா தூக்கிவாரிப் போடுது. காலையில வரும்போதே கண்ணு செவந்திருக்கு. அவன் நோட்டை வீட்டுக்கு வேற எடுத்துட்டுப் போறா. இன்னும் என்ன வேணும்?”

“அவகிட்ட கேட்டீங்களா?”

“கேட்டா ஒத்துக்குவாளா?”

மெஹர் டீச்சர் கையிலிருந்த குழாயைக் கவிழ்த்து வைத்தார்.

“அவ அப்பாவுக்குப் போன் பண்ணிட்டேன். நாலு மணிக்கு வரார்.”

இப்போது மெஹர் டீச்சர் திரும்பினார். மூக்கு சிவந்து, குரல் கட்டியிருந்தது. சரியான சளி.

“அவ அக்காவுக்கு நான் பாடம் எடுத்திருக்கேன் சார். ப்ளஸ் ஒன்ல பாதியிலயே நிறுத்திட்டார் அவங்கப்பா. யாரோ எதையோ போய்ச் சொல்லிட்டாங்க.”

தணிகாசலம் சார் முகம் சுருங்கியது.

“எனக்கு மட்டும் ஆசையா டீச்சர்? நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா, வாத்தியார் கண்ணு என்ன பின்னாலயா இருந்துச்சுன்னு என்னைத்தானே கேப்பாங்க?”

அவர் கெட்ட மனிதர் இல்லை. அந்தப் பெண் மேல் அவருக்கு எவ்வளவு பாசமோ அவ்வளவு கோபம்.

“நீங்க சொல்லுங்க. அவர் வந்தா நான் என்ன பேசட்டும்?”

மெஹர் டீச்சர் ஒரு சின்னக் கண்ணாடித் தட்டை நகர்த்தி வைத்தார். அதில் கொஞ்சம் வெள்ளைப் பொடி.

“ஒரு உதவி சார். ப்ளஸ் ஒன் பசங்களுக்குக் காலையில மாடல் பிராக்டிகல். இது என்ன உப்புன்னு கண்டுபிடிக்கச் சொன்னேன். பேட்ச் முழுக்க அம்மோனியான்னு எழுதியிருக்கு. சரியான்னு பாக்கணும். எனக்கு மூக்கு அடைச்சிருக்கு.”

“இப்பவா?”

“உங்களுக்குத் தெரியுமே.”

தெரியும். காலேஜில் அவருக்குக் கெமிஸ்ட்ரி துணைப்பாடம். அதைச் சொல்லிக்கொள்ள அவருக்கும் பிடிக்கும். குழாயில் பொடியைப் போட்டார். காஸ்டிக் சோடாக் கரைசல் ஊற்றினார். ஸ்பிரிட் விளக்கில் காட்டிச் சூடாக்கினார். குழாயின் வாயை மூக்கிலிருந்து தள்ளிப் பிடித்து, இன்னொரு கையால் ஆவியைத் தன் பக்கம் விசிறினார்.

“ஆமா. வருது.”

“நல்லா பாருங்க சார்.”

இன்னொரு தடவை விசிறினார். முகத்தைச் சுளித்தார்.

“அம்மோனியாவேதான். சுரீர்னு அடிக்குது. கண்ணே கலங்குது பாருங்க.”

“சரி. கை கழுவிட்டு வாங்க.”

இருவரும் வெளியே வராந்தாவுக்கு வந்தார்கள். மெஹர் டீச்சர் கைப்பையைத் திறந்து, கேட் ஓரத்து வண்டியில் வாங்கி, வகுந்து வைத்திருந்த கொய்யாக்காயை எடுத்தார். பிறகு வாய் பிரித்த ஒரு பாக்கெட்டை எடுத்தார். ஒரு சிட்டிகை எடுத்துக் கொய்யாவின் மேல் தூவி, ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டார்.

பாக்கெட்டை நீட்டினார். தணிகாசலம் சார் மேலே இருந்ததைப் படித்தார். சமையல் உப்பு.

“லேபுக்கு ஸ்டாக் வரல சார். மாடல் பிராக்டிகல்தானேன்னு வீட்டுல இருந்து கொண்டாந்தேன். அந்தத் தட்டுல வெச்சது இதுதான்.”

“இதுவா?”

“முதல்ல மோந்து பாத்த பையன் அம்மோனியான்னு கத்திட்டான். அப்புறம் எல்லாருக்கும் அம்மோனியா.”

தணிகாசலம் சார் தன் விரல்களை மூக்கருகே கொண்டுபோனார். சோப்பு வாசனைதான் வந்தது.

“நான் பொய் சொல்லல டீச்சர். நெஜமாவே அடிச்சுது.”

“தெரியும் சார். பசங்களும் பொய் சொல்லல.”

ஒரு துண்டு கொய்யாவை அவர் கையில் கொடுத்தார். அவர் தின்றார். உப்பு கரித்தது. மிச்சத் துண்டுகளைப் பேப்பரில் மடித்து, மெஹர் டீச்சரே அவர் கையில் வைத்தார்.

“யுவராணி விஷயத்துக்கு ஒண்ணுமே சொல்லலையே?”

மெஹர் டீச்சர் கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினார்.

“எனக்குத்தான் மூக்கு அடைச்சிருக்கே சார்.”

மணி அடித்தது.

கடைசி பீரியட் ப்ளஸ் டூ ‘பி’.

வழக்கமாக உள்ளே நுழையும்போதே தணிகாசலம் சார் பேச ஆரம்பித்துவிடுவார். போர்டில் எழுதுகிற ஒவ்வோர் எழுத்தையும் வாயாலும் சொல்லிக்கொண்டே எழுதுவது அவர் பழக்கம். எக்ஸ் ஸ்கொயர் என்றால் பக்கத்து வகுப்புக்கும் எக்ஸ் ஸ்கொயர்தான்.

அன்று பேச வாய் வரவில்லை.

கையில் கொய்யாப் பொட்டலம். எதிரே பிள்ளைகள். கடைசி வரிசை ஓரத்தில் யுவராணி. உயரமான பெண் என்று வருஷ ஆரம்பத்தில் அவர்தான் அவளை அங்கே உட்காரவைத்தார்.

என்ன செய்வது என்று தெரியாமல், சாக்பீஸை எடுத்துப் பேசாமல் எழுதினார்.

கொய்யாக்காய் வேண்டும் என்பவர்கள் கை தூக்கவும்.

வகுப்பு ஒரு கணம் சந்தேகப்பட்டது. பிறகு சிரிப்பு. பிறகு வகுப்பு முழுவதும் கைகள். லெனின் இரண்டு கையையும் தூக்கினான்.

ஒரு கை மட்டும் எழவில்லை. அதில் பேனா தயாராக இருந்தது.

யுவராணி கண்ணைச் சுருக்கிப் போர்டைப் பார்த்தாள். உடனே லெனின் பக்கம் திரும்பினாள். அப்போதுதான் தணிகாசலம் சார் பார்த்தார். இத்தனை நாளாக அதே இடத்தில் நின்று அவர் பார்க்காததைப் பார்த்தார். அவள் பார்த்தது அவன் முகத்தை இல்லை. அவன் மேசையில் திறந்து கிடந்த நோட்டை.

நோட்டில் ஒன்றும் இல்லை. அவள் காத்திருந்தாள்.

பொட்டலத்தை லெனினிடம் கொடுத்து, “பங்கு போட்டுக்கங்கடா,” என்றார். யுவராணியை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். அவள் பேனாவைக் கையில் பிடித்தபடியே வந்தாள்.

“போர்டுல என்னம்மா எழுதியிருந்தேன்?”

அவள் தலை குனிந்தாள்.

“சொல்லு. திட்ட மாட்டேன்.”

“லெனின் இன்னும் எழுதல சார்.”

தணிகாசலம் சார் குரலைத் தணித்தார்.

“உனக்குப் போர்டு தெரியலையா?”

“தெரியுது சார். வெள்ளையா, பூசின மாதிரி தெரியுது.”

“எழுத்து?”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவர் கேட்பதே அவளுக்கு விளங்கவில்லை.

“தூரத்துல இருந்தா எல்லாருக்கும் அப்படித்தானே சார் இருக்கும்? எல்லாரும் நீங்க வாயால சொல்றத வெச்சுத்தான் எழுதறாங்கன்னு நெனச்சேன். எனக்கு நடுவுல விட்டுப்போயிரும். லெனின் பெரிசு பெரிசா எழுதுவான். அதான் அவன் நோட்டைப் பாத்துப்பேன்.”

“வீட்டுக்கு எடுத்துட்டுப் போறது?”

“மிச்சத்த எழுதத்தான் சார். ராத்திரி எழுதி எழுதிக் கண்ணு எரியுது, தலைவலி வந்துருது.”

எல்லாக் கேள்விக்கும் விடை வந்துவிட்டது. அவர் போட்டுவைத்திருந்த கணக்கில் ஒரு வரிகூடத் தேறவில்லை.

“நாலு மணிக்குப் பையை எடுத்துட்டுக் கிரவுண்டுல அந்தக் குழாய்கிட்ட போய் நில்லும்மா,” என்றார். “நான் கூப்பிடற வரைக்கும் இரு.”

“அப்பாகிட்ட எதனா சொல்லப்போறீங்களா சார்?”

அவர் வகுப்புக்குள் திரும்பிப் போனார்.

நாலு மணிக்கு யுவராணியின் அப்பா வரதன் வந்தார். லாரி பட்டறையில் வெல்டர். வேலையிலிருந்து அப்படியே வந்திருந்தார். சட்டை முழுக்கத் தீப்பொறி சுட்ட பொத்தல்கள். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

“சார் ஒண்ணும் சொல்லவாணாம். நாளையிலேருந்து அது வராது.”

“வரதன், உக்காருங்க. நான் சொல்றத...”

“போன்ல உங்க கொரலு கேட்டப்பவே புரிஞ்சிடுச்சு சார். பேரு மட்டும் சொல்லுங்க, யாரு பையன்?”

“அப்படி ஒண்ணும் இல்லைங்க.”

“நீங்க பெரிய மனுசன், மூடி மறைக்கறீங்க. அவ அம்மாவும் சொல்லிச்சு. கண்ணு செவந்து கெடக்குது. தலைவலின்னு படுத்துக்குது. போன வாரம் தெருவுல நேருக்கு நேரா வருது சார், என்னைப் பாத்துட்டுப் பாக்காத மாதிரி போவுது. பெத்த அப்பன பாக்க ஒரு பொண்ணுக்கு மூஞ்சி இல்லன்னா என்ன அர்த்தம்?”

மத்தியானம் லேபில் நின்று அவரே அடுக்கியது எல்லாம், அதே கறாரோடு, திரும்ப வந்துகொண்டிருந்தது. முதலில் கத்தியது யார் என்று அவருக்குத் தெரியும். வெட்கமாக இருந்தது.

எல்லாவற்றையும் விளக்கிச் சொல்ல வாயெடுத்தார். பிறகு நிறுத்திக்கொண்டார். சொன்னதால் வந்த வினைதான் இது.

“ஒரு நிமிஷம் வெளிய வாங்க.”

வராந்தாவின் முனைக்குக் கூட்டிப்போனார். பிள்ளைகள் கலைந்து போய்விட்ட கிரவுண்டு. எதிர்க் கோடியில், குழாய் பக்கத்தில், பையைக் கட்டிப்பிடித்தபடி யுவராணி நின்றாள்.

“கூப்பிடாதீங்க. கைய மட்டும் ஆட்டுங்க.”

“எதுக்கு சார்?”

“எனக்காக.”

வரதன் வேண்டாவெறுப்பாகக் கையைத் தூக்கி ஆட்டினார்.

யுவராணி நிமிர்ந்தாள். நேராக அவரையே பார்த்தாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

“பாத்தீங்களா சார்? இப்பக்கூட பாருங்க, பாக்காத மாதிரி...”

“ஆட்டுங்க.”

இன்னும் உயர்த்தி ஆட்டினார். யுவராணி கண்ணைச் சுருக்கினாள். பிறகு மெதுவாகத் திரும்பி, அந்த ஆள் யாரைக் கூப்பிடுகிறார் என்று தன் முதுகுக்குப் பின்னால் பார்த்தாள்.

பின்னால் சுவர்தான் இருந்தது.

வரதனின் கை அந்தரத்தில் நின்றது.

“சார்,” என்றார்.

படியிறங்கினார். கையை இறக்காமல், ஆட்டிக்கொண்டே கிரவுண்டில் நடந்தார். அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். பாதி தூரம் தாண்டினார். அவள் சிரிக்கவில்லை. யாரோ ஒரு பெரியவர் தன்னை நோக்கி வருகிறார் என்று மரியாதையாக ஓரம் ஒதுங்கினாள். அவர் கை ஆடிக்கொண்டே இருந்தது. கிட்டே போனார். இன்னும் கிட்டே போனார்.

நாலடி தூரத்தில் அவள் முகம் மலர்ந்தது.

“அப்பா! நீயா?”