தலையாட்டிய ஓணானும் தனிக் கச்சேரியும்

அல்லிக்குளத்தில் ஒரு பேண்டு செட்டு இருந்தது. பாடுவது தொந்தியப்பன் என்கிற தவளை. கரையில் கல்லிடுக்கில் உட்கார்ந்து 'ரீ...' என்று சுருதி பிடிப்பது சின்னாண்டி என்கிற சில்வண்டு. பட்ட மரத்தில் டொக்கு டொக்கென்று தாளம் போடுவது கொண்டையன் என்கிற மரங்கொத்தி.

தூறல் விழுந்தால் போதும், கச்சேரிதான்! ஏழு குளத்து வாத்துகளும் வந்து குவிந்துவிடும். எருமைகள் சேற்றில் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டு கேட்கும். அவை தூங்குகின்றன என்று கொண்டையன் சொல்லுவான். "போய்யா, என் பாட்டுல லயிச்சுக் கிடக்குதுங்க!" என்பான் தொந்தியப்பன்.

எல்லாம் சரி. தொந்தியப்பனுக்கு ஒரே ஒரு குறை. பாட்டு உச்சிக்கு ஏறும் நேரம் பார்த்து, சின்னாண்டி பட்டென்று சுருதியை நிறுத்திவிடுவான். அந்தக் குளத்தில் ஒரு வழக்கம் உண்டு. சுருதி நின்றால், பாடுகிறவன் அந்த நொடியே தண்ணீருக்குள் முங்கிவிட வேண்டும். பாட்டன் பூட்டன் காலத்து வழக்கம். ஏன் எதற்கு என்று யாரும் கேட்டதில்லை. தொந்தியப்பனும் தொபுக்கென்று முங்குவான். ஆனால் அத்தனை வாத்துகள் முன்னால் பாதிப் பாட்டில் முங்குவது அவனுக்கு மானக்கேடாக இருந்தது.

"ஏண்டா நடுவுல நிறுத்துன?" என்று ஒருநாள் பாய்ந்தான்.

"தரை அதிர்ந்துச்சு அண்ணே. எனக்குக் காலுலதானே காது! அதிர்ந்தா றெக்கை தானா நின்னுரும்."

"நான் பாடுனா குளமே அதிரும். தரை அதிராதா?"

"இது அந்த அதிர்வு இல்லண்ணே. இது வந்து, ஊர்ந்து..."

"வாயை மூடு! தப்பு பண்ணிட்டுக் கதை வேற அளக்குறான்!"

வேலியில் ஓர் ஓணான் இருந்தது. தொந்தியப்பன் பாடினால் தலையாட்டும். பாடாவிட்டாலும் தலையாட்டும். அதைத் தொந்தியப்பன் பார்த்ததில்லை. பாடும்போது ஓரக்கண்ணால் பார்ப்பதோடு சரி. 'ஆகா, என்ன ஞானம்! தாளம் தப்பாமல் ரசிக்கிறாரே!' என்று உருகிப்போவான்.

அந்த ஓணானிடம் போய் நின்றான்.

"அய்யா, என் குரல் எப்படி? தேன்தானே?"

ஓணான் தலையாட்டியது.

"இந்தப் பயலுக இல்லாம நான் தனியாவே பாடலாம்ல?"

ஓணான் தலையாட்டியது.

"கச்சேரியைத் தாழங்குளத்துல வைக்கலாமா?"

அதற்கும் தலையாட்டியது. தொந்தியப்பனுக்குக் கண்ணில் நீர் முட்டியது. "பெரியவங்க வாக்கு!" என்று கும்பிட்டுவிட்டு வந்தான்.

அன்றைக்கே சின்னாண்டியைச் செட்டிலிருந்து விலக்கினான். சின்னாண்டி மீசையைத் தொங்கப் போட்டுக்கொண்டான். கொண்டையன்தான் கொதித்தான்.

"யோவ், அந்த ஓணான் காத்தடிச்சாலும் தலையாட்டும்யா! அதை நம்பியா செட்டைக் கலைக்கிற?"

"பொறாமை! உனக்கு முழுக்கப் பொறாமை!"

"சுருதி இல்லாத இடத்துல எனக்கென்ன வேலை? நான் பாட்டுக்குப் புழு தின்னுக்கிட்டு இருக்கேன்" என்று கொண்டையனும் பறந்துவிட்டான்.

தொந்தியப்பன் அசரவில்லை. ஆமையின் முதுகில் சுண்ணாம்பால் 'தொந்தியப்பனின் தனிக் கச்சேரி' என்று எழுதி ஊர் ஊராக விளம்பரத்துக்கு அனுப்பினான். ஆமை கிளம்பியது. நான்காம் நாள் பார்த்தால் அதே கரையில்தான் போய்க்கொண்டிருந்தது.

கச்சேரி நாளும் வந்தது. பட்டப்பகல். பூந்தூறல். ஆமை போய்ச் சேராவிட்டாலும் சேதி பரவியிருந்தது; தாழங்குளத்தில் வாத்துகள் வரிசையாக உட்கார்ந்தன. ஓணான் தாழை மடலில் முன்னிடம் பிடித்தது. தாழைப் புதர் என்றால் யார் குடியிருப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். தொந்தியப்பனுக்கும் தெரியும்தான். ஆனால் கைதட்டல் காதில் ஏறிவிட்டால் தெரிந்ததெல்லாம் மறந்துபோகும்.

தாமரை இலைமேல் ஏறித் தொண்டையை உப்பினான். முதலில் குரல் அங்குமிங்கும் தள்ளாடியது. ஒரு வாத்து கொட்டாவி விட்டது. பிறகு என்ன மாயமோ, குரல் ஓர் இடத்தில் வந்து ஒட்டிக்கொண்டது! 'பார்த்தியா! எவன் துணையும் இல்லாமல் சுருதி தானாகச் சேருது!' என்று பூரித்துப் போனான்.

தானாக எங்கே சேர்ந்தது? கடைசி வாத்துக்குப் பின்னால், ஒரு கல்லுக்கு அடியில் சின்னாண்டி ஒளிந்திருந்தான். அண்ணன் பாட்டைக் கேட்காமல் இருக்க அவனால் முடியவில்லை. குரல் தள்ளாடுவதைக் கேட்டதும் மெல்ல 'ரீ...' என்று சேர்ந்துகொண்டான்.

பாட்டு உச்சிக்கு ஏறியது. வாத்துகள் சடசடவென்று எழுந்தன.

"மரியாதை! எழுந்து நிக்கிறாங்க!" என்று தொந்தியப்பன் கண்ணை மூடிக்கொண்டு இன்னும் இழுத்தான். வாத்துகள் நிற்கவில்லை, ஓடின! தாழைப் புதரிலிருந்து ஒரு சாரைப்பாம்பு இறங்கி வந்து, இலைக்கு ஒரு சாண் தூரத்தில் தலையைத் தூக்கியது. ஓணான் எல்லாவற்றையும் பார்த்தது. பார்த்துக்கொண்டே தலையாட்டியது.

பட்டென்று சுருதி நின்றது.

புத்தி யோசிப்பதற்குள் கால் வழக்கத்தைச் செய்துவிட்டது. தொபுக்! தொந்தியப்பன் தண்ணீருக்குள் இருந்தான். மேலே 'லபக்' என்று ஒரு சத்தம். பாம்பின் வாயில் பாதித் தாமரை இலை!

"தூ! ஒரே கசப்பு!" என்று இலையைத் துப்பிவிட்டுப் பாம்பு போய்விட்டது.

தொந்தியப்பன் சேற்றோடு சேறாகக் கிடந்தான். இத்தனை வருஷத்தில் எத்தனை தடவை முங்கியிருக்கிறோம் என்று எண்ணிப் பார்த்தான். ஒவ்வொரு முங்கலும் ஓர் உயிர் என்று அப்போதுதான் உறைத்தது.

வெகுநேரம் கழித்துத் தலையை நீட்டினான். கரையில் சின்னாண்டி கையைப் பிசைந்துகொண்டு நின்றான்.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. இன்னைக்கும் நடுவுல நிறுத்திப்புட்டேன்."

தொந்தியப்பன் நீந்தி அவன் பக்கம் வந்தான். "நிறுத்துடா தம்பி," என்றான். "நீ எப்ப வேணா நிறுத்து. நான் முங்குறேன்."

மறு தூறலுக்கு அல்லிக்குளத்தில் மூன்று பேரும் சேர்ந்து கச்சேரி வைத்தார்கள். தனிக் கச்சேரிக்கு அழைக்கப் போன ஆமை அன்றைக்குத்தான் பக்கத்துக் குளத்தை எட்டியது. வேலியில் ஓணான் வழக்கம்போலத் தலையாட்டியது. தொந்தியப்பன் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறவரை நம்பி, தக்க நேரத்தில் நம்மைத் தடுத்து நிறுத்துகிறவரை இழந்துவிடக் கூடாது.