ஏழாவது ஊரில் ஒரு வீடு

கொன்றை நாடு என்று ஒரு நாடு இருந்தது. இப்போது தேடினால் கிடைக்காது. முன்னொரு காலத்தில் அதை மழவராயன் என்கிற ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான், ஆனால் காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி. அவருடைய கட்டளைகளை ஊர் ஊராகத் தண்டோரா போடுகிறவன் வீரணன். தலைநகரில் வீட்டு விலை ஆகாயத்தில் நின்றதால், அவன் மனைவி செம்பாயியோடும் இரண்டு பெண் குழந்தைகளோடும் அரண்மனை முரசுக் கொட்டிலிலேயே குடியிருந்தான். மழை வந்தால் நனையாத மூலை முரசுக்குத்தான்.

ஒருநாள் அந்தப் பக்கம் வந்த ராஜா, முரசின்மேல் காய்ந்துகொண்டிருந்த சின்னப் பாவாடையைப் பார்த்துவிட்டார்.

"என் நாட்டில் வீடில்லாதவனா? எனக்கல்லவா அவமானம்!" என்று சபையில் குதித்தார்.

நில அதிகாரி ஏகாம்பரனார் எழுந்தார். ராஜாவின் வார்த்தை தன் வாயால் வராமல் இந்த வீரணன் வாயால் வருகிறதே என்று அவருக்கு நெடுநாள் எரிச்சல்.

"பிரபு, வீடா இல்லை? இவன் தேடவில்லை! நூறு பொன்னுக்குள் நல்ல வீடு கிடைக்கிற ஊர்கள் ஏழு இருக்கின்றன. ஒவ்வொன்றும் சொர்க்கம். நானே போய்க் குடியிருக்க ஆசைப்படுகிறேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்."

ராஜாவுக்கு உற்சாகம் பொங்கியது. "வீரணா! அதிகாரி சொன்னதை ஏழு ஊரிலும் அப்படியே தண்டோரா போடு. அதில் ஓர் ஊரில் நீயும் வீடு வாங்கு. நூறு பொன் இருக்கிறதா?"

"கல்யாணம் ஆனதிலேருந்து சேர்த்தது, சரியா அவ்வளவுதான் இருக்குது மகாராஜா."

"பதினைந்து நாளில் வாங்காவிட்டால் இவனைச் சோம்பேறி என்று நாட்டைவிட்டே அனுப்பிவிடலாம்" என்றார் அதிகாரி.

"ஆகட்டும்!" என்றார் ராஜா, யோசிக்காமலே.

வீரணன் குடும்பத்தோடு கிளம்பினான். முதல் ஊர் புளியங்கரை. கீழத்தெருவில் ஒரு வீட்டை விசாரித்தான். தொண்ணூறு பொன் என்றார் வீட்டுக்காரர். "வேலையை முடிச்சிட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு, நாலு தெருவிலும் தண்டோராவை முழங்கினான். அதிகாரியின் சொந்த ஆசைக்கு எதற்கு மூச்சை வீணாக்குவது என்று கடைசி வரியை மட்டும் விட்டுவிட்டான். திரும்பி வந்தால் விலை நூற்றைம்பது.

"காலையில தொண்ணூறுன்னீங்களே?"

"அது காலையில. இப்ப ராஜாவே நல்ல ஊருன்னு சொல்லிட்டாரே."

"ராஜா எங்கே சொன்னாரு? நான்தானே சொன்னேன்!"

"அதான். நீதான் சொன்னே."

வீரணனுக்குத் தலை கிறுகிறுத்தது. அடுத்த ஊரில் முரசைத் தொடாமலே விலை கேட்டான். வீட்டுக்காரி அவன் தோளில் தொங்கிய முரசைப் பார்த்து, "முதல்ல அடிப்பா, என்னன்னு கேட்டுட்டு விலை சொல்றேன்" என்றாள். மூன்றாவது ஊரில் முரசை வைக்கோல் போருக்குள் ஒளித்துவைத்துவிட்டுப் போனான். புளியங்கரையில் தண்டோரா கேட்ட கூட்டம் அவனுக்கு முன்பே அங்கே வந்து பேரம் பேசிக்கொண்டிருந்தது.

"நம்ம வீட்டை நாமளே விரட்டிக்கிட்டுப் போறோமா?" என்று கேட்டாள் செம்பாயி. வீரணனுக்கு அதுவும் புரியவில்லை. ராத்தூக்கம் போனது. பெண்களைக் கூட்டிக்கொண்டு எந்த நாட்டுக்குப் போவது என்று உள்ளுக்குள் அழுதான்.

ஆறாவது ஊரில், இரண்டே நாள் மிச்சம் இருந்தபோது, எண்ணெய் விற்கிற பெண் ஒருத்தி கேட்டாள்: "இந்தப் பட்டியலை யாரு போட்டது, அண்ணே?"

"நில அதிகாரி ஏகாம்பரனார்."

அவள் கையிலிருந்த எண்ணெய் சிந்தியது. "ஐயோ, அவரு இங்கே குடிவரப்போறாரா? அவரு இருக்கிற தெருவுல பக்கத்து வீட்டுச் சுவரு வருஷத்துக்கு ஒரு முழம் உள்ளே நகருமாமே! அளவுகோலு அவரு கையில இருக்கு. யாருகிட்டப் போய்க் கேக்குறது?"

"வரலைம்மா, வரலை" என்று வீரணன் சொன்ன பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது. அவன் நாலடி நடந்து, சட்டென்று நின்றான். "செம்பாயி, நான் ஒரு வரியை விட்டுட்டேன்ல?"

ஏழாவது ஊர் ஆலத்துறை. முதல் தெருவில், மூன்று வீடுகளைப் பூட்டிப்போட்டிருந்த ஒரு மிராசுதார் முரசைப் பார்த்ததுமே இருநூறு பொன் என்றார். வீரணன் தொண்டையைச் செருமிக்கொண்டு முழுச் சேதியையும் முழங்கினான். "'நானே போய்க் குடியிருக்க ஆசைப்படுகிறேன்' என்று நில அதிகாரி ஏகாம்பரனார் மகாராஜா முன்னிலையில் திருவாய் மலர்ந்தார்!"

இரண்டாவது தெருவில் மிராசுதார் பின்னாலேயே ஓடிவந்து நூற்றுப்பத்து என்றார். நாலாவது தெரு முடிவதற்குள் அறுபதுக்கு இறங்கினார், கிணற்றோடும் முருங்கை மரத்தோடும். வீரணன் அங்கேயே பொன்னை எண்ணிக் கொடுத்தான்.

சபையில் ஏகாம்பரனார் கொதித்தார். "பிரபு, இவன் என் பெயரைக் கெடுத்துவிட்டான்!"

"சபையில ஐயா சொன்னதைத்தான் சொன்னேன், மகாராஜா. ஆறு ஊருல ஒரு வரியை விட்டேன், விலை ஏறிச்சு. அது என் தப்பு. ஏழாவதுல விடலை, இறங்கிச்சு."

ராஜாவுக்கு இப்போது தலை சுற்றியது. "அதிகாரி வருகிறார் என்றால் விலை ஏறத்தானே வேண்டும்? ஏன் இறங்குகிறது?"

வாயிற்காவலர் ஒருவர் மெல்லச் சொன்னார்: "நான் ஐயாவுக்குப் பக்கத்து வீடு, மகாராஜா. என் கூடத்துல இப்ப படுத்தா கால் நீட்ட முடியாது."

ராஜாவின் முகம் சிவந்தது. "நகர்ந்த சுவரெல்லாம் நாளைக்குள் திரும்பி நகரட்டும்! ஏகாம்பரனாரே, சொர்க்கம் என்றீரே, ஆலத்துறைக்கே குடிபோம்!"

வீரணன் தடாலென்று காலில் விழுந்தான். "ஐயையோ மகாராஜா, அங்கே வேண்டாம்! நான் வீடு வாங்கிட்டேன்!"

ராஜா சிம்மாசனம் குலுங்கச் சிரித்தார். "சரி, எந்த ஊரில் வீட்டு விலை ஏறுகிறதோ அந்த ஊரில் இவர் குடியிருக்கட்டும். இறங்கியதும் அடுத்த ஊர். அளவுகோலை இங்கேயே வைத்துவிட்டுப் போம்." பிறகு குனிந்து, "வீரணா, அந்தக் கோல் அவரிடம் இல்லை என்பதை மட்டும் நீ தண்டோரா போடாதே" என்றார்.

ஏகாம்பரனாரின் பாத்திர பண்டங்களை ஏற்றிய வண்டி புளியங்கரைக்குள் திரும்பிய அன்றே அங்கே விலை பழையபடி தொண்ணூறுக்கு வந்தது. கொட்டிலில் முரசு தனியாக நனையாமல் இருந்தது. ஆலத்துறையில் முருங்கை மரத்துக்கும் கிணற்றுக்கும் நடுவே கொடி கட்டி, செம்பாயி இரண்டு சின்னப் பாவாடைகளைக் காயப்போட்டாள்.