ஒத்துவராத முப்பதாயிரம்

"அந்தக் கை மட்டும் தெளியவே மாட்டேங்குது மேடம்," என்றார் மாசிலாமணி.

சீடருக்கு ஐம்பத்து நான்கு வயது. இருபத்தெட்டு ஆண்டு கல்லூரியில் விலங்கியல் நடத்திவிட்டு, முனைவர் பட்டம் வாங்காமல் என் கட்டை வேகாது என்று வந்து சேர்ந்தவர். குரு பர்வீனுக்கு முப்பத்தாறு. அங்கே குருதான் சீடரை 'சார்' என்பார்.

உயிரணுவுக்குள் புரதம் செய்வது ரைபோசோம். அதைப் பனியில் உறையவைத்து, எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் இரண்டு லட்சம் படம் எடுத்திருந்தார் மாசிலாமணி. எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் உருவம் தெளியும்.

தெளிந்தது. ஓரத்தில் கை போல நீண்டிருந்த பகுதியும் அதன் நுனியில் இருந்த புரதமும் மட்டும் புகையாகவே நின்றன.

திங்கட்கிழமை ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும். புகையைக் கொடுத்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

"ஒத்துவராத படம் முப்பதாயிரம் இருக்கு. ஒதுக்கி வெச்சிருக்கேன். அழிச்சிட்டா மிச்சத்துல கை தெளிஞ்சிடும். நீங்க சரின்னா போதும்."

பர்வீன் வேறொன்று கேட்டார்.

"காலேஜ்ல வருஷாவருஷம் குரூப் போட்டோ எடுப்பீங்களா சார்?"

"எடுப்போம்."

"எல்லா முகமும் தெளிவா விழுமா?"

"எங்கே? எவனாவது ஒருத்தன் கலங்கலா விழுவான்."

"ஏன்?"

"ஆடியிருப்பான் கழுதை."

"அந்த முப்பதாயிரத்தைக் குடுங்க."

கை இருந்த நிலையைப் பார்த்து, படங்களை ஐந்து குவியலாகப் பிரித்தார் பர்வீன். ஒவ்வொரு குவியலையும் தனித்தனியே அடுக்கினார். கணினி மத்தியானம் வரை ஓடியது.

ஐந்திலும் கை தெளிவாக இருந்தது. ஐந்திலும் வேறு வேறு இடத்தில் இருந்தது.

ஐந்தையும் சினிமா போல வரிசையாக ஓட்டினார்.

கை உள்ளே மடங்கியது. அமினோ அமிலச் சுமையை இறக்கிவிட்டு நின்ற டி.ஆர்.என்.ஏ. ஒன்றைத் தொட்டது. அதை ரைபோசோமின் வாசல் வரை கூட்டிவந்து விட்டது. மறுபடி விரிந்தது.

மாசிலாமணி திரையருகே குனிந்தார்.

"நான் உறைய வெச்சப்போ இது வேலை செஞ்சுக்கிட்டா இருந்துச்சு?"

"இப்பவும் உங்க உடம்புல செஞ்சுக்கிட்டுத்தான் இருக்கு சார்."

அவர் தன் கையைப் புரட்டிப் பார்த்துக்கொண்டார்.

"இருபத்தெட்டு வருஷம் போர்டுல ரெண்டு உருண்டை வரைஞ்சு, இதுதான் ரைபோசோம்னு சொன்னேனே மேடம்."

"இதுல எதை அழிக்கலாம் சார்?" என்று கேட்டபடியே பர்வீன் படத்தை நிறுத்தப் போனார்.

"நிறுத்தாதீங்க மேடம்," என்றார் மாசிலாமணி. "ஆடட்டும்."